தீர்ப்புக்குப் பின் அறுபது நாள்

போதைப்பொருள் விற்பனை வழக்கில் நீண்ட தண்டனையும் அப்பீலும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற பஸ் வில்லியனூரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும், கண்டமங்கலத்தைக் கடந்து மறுபடி புதுச்சேரிக்குள் வரும், மதகடிப்பட்டு தாண்டியதும் திரும்பவும் தமிழ்நாடு. இந்தப் பின்னலின் நடுவே இருக்கிறது திருவாண்டார்கோயில். ஒரு பக்கம் வடுகீஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை. தொழிற்சாலையும் கல்லூரியும் பக்கத்தில் இருக்கிற எந்த ஊரையும் போல இங்கேயும் கஞ்சா வழக்கு என்றால் எல்லாருக்கும் ஒரு குடும்பமாவது ஞாபகத்துக்கு வரும். கைதான செய்தி பேப்பரில் படத்தோடு வரும். தண்டனைச் செய்தி நாலு வரியில் வரும். அதற்குப் பிறகு என்ன என்பதை யாரும் எழுதுவதில்லை. கேள்விகள் வருவதெல்லாம் அந்தப் பிறகைப் பற்றித்தான்.

விற்றவனைப் பிடித்து உள்ளே வைத்ததில் எனக்கு வருத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கவே செய்யாதவன் அல்லது ஒரு கிலோ விற்று இருபது கிலோவுக்குத் தண்டனை வாங்கியவன் உள்ளே இருந்தால் அது வேறு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் மேல் கோர்ட் இருக்கிறது.

மகனுக்குப் பத்து வருடம் கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். காலாப்பட்டு சிறையில் இருக்கிறான். அப்பீல் எங்கே, எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

சென்னை உயர் நீதிமன்றத்தில், தண்டனை சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள்.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-இல் வந்தது. வக்கீல்கள் வாயில் அது என்.டி.பி.எஸ். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை தரக்கூடிய என்.டி.பி.எஸ். குற்றங்களைச் சிறப்பு நீதிமன்றம்தான் விசாரிக்கும். அதன் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அந்தச் சட்டத்தின் 36பி பிரிவு தருகிறது. புதுச்சேரிக்குத் தனி உயர் நீதிமன்றம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊர் வழக்குக்குக் கடைசி வாசல் பாரீஸில் இருந்தது. 1962 முதல் அது சென்னை பாரிமுனைக்கு வந்துவிட்டது. விடிகாலை பஸ் ஏறினால் கோர்ட் கூடுவதற்குள் போய்ச் சேரலாம்.

60 நாள் என்பதில் ஒரு சலுகை உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு அது கைக்கு வரும்வரை ஆன நாள்களை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பு நகல் ஒன்றைத் தண்டனை பெற்றவருக்கு உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். நாள் தப்பிவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. ஏன் தாமதம் என்று காரணம் சொல்லி மனு போட்டால், சிறையில் இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கடுமை காட்டுவதில்லை. அதற்காக ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு கிலோ வரைக்குமான கஞ்சா, அதாவது சட்டம் ‘சிறு அளவு’ என்று சொல்வது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடிகிற வழக்கு. அதற்கு அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில், 30 நாளுக்குள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கண்டமங்கலத்தில் பிடித்தார்கள். அவனுக்கும் இதேதானா?

பிடித்தது தமிழ்நாடு போலீஸ் என்பதால் விசாரணை தமிழ்நாட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும், சிறையும் பெரும்பாலும் கடலூராக இருக்கும். அப்பீல் அதே சென்னை உயர் நீதிமன்றம், அதே 60 நாள். மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு போட்ட வழக்கானாலும் இதே கதைதான், எதிரே நிற்கும் அரசு வக்கீல் மட்டும் மாறுவார்.

அப்பீலில் சாட்சிகளை மறுபடியும் கூப்பிட்டு விசாரிப்பார்களா? என் மகன் நல்லவன் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

கூப்பிட மாட்டார்கள் அம்மா. ஊர்ப் பெரியவர்களை அலைக்கழிக்க வேண்டாம்.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பீல் என்றதும், வழக்கு முதலிலிருந்து நடக்கும், நீதிபதி மகன் முகத்தைப் பார்ப்பார், அவன் பேசுவான் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. அங்கே நடப்பது வாசிப்பு. கீழ்க்கோர்ட்டில் பதிவான ஒவ்வொரு சாட்சியத்தின் நகல், பறிமுதல் மகஜர், மாதிரி எடுத்த விவரம், ரசாயனப் பரிசோதனை அறிக்கை, மகனிடம் நீதிபதி கேள்வி கேட்டுப் பதிவு செய்த வாக்குமூலம், கடைசியில் தீர்ப்பு, இவ்வளவும் ஒரு கட்டாக நீதிபதி முன் இருக்கும். இரண்டு பக்க வக்கீல்களும் அந்தக் கட்டுக்குள் இருந்துதான் பேச வேண்டும். கட்டில் இல்லாத உண்மை எவ்வளவு பெரிய உண்மையாக இருந்தாலும் அநேகமாகப் பயன்படாது. கூடுதல் சாட்சியம் எடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதை அபூர்வமாகத்தான் கையில் எடுப்பார்கள்.

இதன் அர்த்தம் என்ன? அப்பீலின் பாதித் தலையெழுத்து கீழ்க்கோர்ட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. குறுக்கு விசாரணையில் ‘மூட்டையை எந்தத் தராசில் எடை போட்டீர்கள், அந்தத் தராசு யாருடையது’ என்று வக்கீல் கேட்டிருந்தால் அந்தப் பதில் கட்டில் இருக்கும். கேட்காமல் விட்டிருந்தால் சென்னையில் எத்தனை பெரிய வக்கீல் வந்தாலும் அந்த இடம் வெற்றிடம்தான். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குடும்பம் நகையை விற்பதானால் அப்பீலுக்கு விற்பதைவிட விசாரணைக்கு விற்பது மேல். தாமதமாகச் சொல்கிறேன் என்று தெரியும். விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிற வீடுகளுக்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துத்தான் வாதாடுவார்கள்?

முதலில் எடை. இந்தச் சட்டத்தில் தண்டனை தராசு முள்ளில் தொங்குகிறது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஒரு வருடம். இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, வக்கீல் பாஷையில் ‘கமர்ஷியல்’. அதற்குக் குறைந்தபட்சமே பத்து வருடம், அதிகபட்சம் இருபது, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாமல். இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு அதிகபட்சம் பத்து வருடம், குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராமும் 50 கிராமும். எல்.எஸ்.டி. என்றால் 0.1 கிராமைத் தாண்டினாலே கமர்ஷியல்.

‘தாண்டினால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியாக இருபது கிலோ கமர்ஷியல் ஆகாது, அதற்கு மேல் இருக்க வேண்டும். இருபத்தொரு கிலோ என்று மகஜரில் எழுதியிருந்தால், எடை சாக்கோடு போட்டதா, சாக்கைப் பிரித்துப் போட்டதா? கஞ்சா என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கம் பூவும் காயும் விட்ட நுனிப்பகுதி. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் அடங்காது. மூட்டையில் என்னென்ன இருந்தது என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா? இருபது கிலோ எல்லையை ஒட்டிய வழக்கில் இந்த ஒரு கேள்வி பத்து வருடத்தை நாலு வருடமாக்கக்கூடும். ஐம்பது கிலோ வழக்கில் இதைப் பேசிப் பயனில்லை. பவுடர், மாத்திரை வழக்குகளில் கணக்கு வேறு. சுத்தமான போதைப்பொருள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் மாற்றிவிட்டார்கள். கலப்பட மாவையும் சேர்த்தே இப்போது எடை. பழைய தீர்ப்பைக் காட்டி நம்பிக்கை கொடுப்பவரிடம் தேதி கேளுங்கள்.

அடுத்தது சோதனை நடந்த விதம். உடம்பைச் சோதனை போடுவதற்கு முன், ‘மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால்தான் சோதனை போட வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது’ என்று சொல்லியாக வேண்டும். இது 50-வது பிரிவு. 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010-இல் ஜடேஜா வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இது உடம்புச் சோதனைக்கு மட்டும். தோளில் தொங்கிய பை, பைக்கின் பெட்டி, பஸ் சீட்டுக்கு அடியில் இருந்த மூட்டை இவற்றுக்கெல்லாம் 50-வது பிரிவு பொருந்தாது. கஞ்சா வழக்குகளில் பெரும்பாலும் பிடிபடுவது மூட்டைதானே. அதனால் ‘கெஜட்டட் ஆபீசர் வரவில்லை’ என்ற ஒன்றை மட்டும் நம்பி அப்பீல் போடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

42-வது பிரிவு வேறு. முன்கூட்டியே துப்பு கிடைத்து வீட்டையோ குடோனையோ சோதனை போடுவதானால், அந்தத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடத்தில் பிடித்தால் இது தேவையில்லை. சாலையில் நின்ற சொந்த வண்டி பொது இடமா? இல்லை என்று 2021-இல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஜீப்பில் பிடிபட்டவர்களை விடுதலை செய்தது. நம் விழுப்புரம் சாலையில் பிடிபடுகிற கார் வழக்குகளில் வக்கீல் பார்க்க வேண்டிய தீர்ப்பு இது.

பிறகு மாதிரி எடுத்த கதை. பறிமுதல் செய்ததைப் பட்டியல் போட்டு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது 52ஏ. அந்த இடத்திலேயே போலீசே இரண்டு பொட்டலம் எடுத்து அனுப்பினால் போதாது என்று 2016-இல் மோகன்லால் வழக்கில் சொல்லிவிட்டார்கள். 2023-இல் ஒருவர் இதன் பேரிலேயே விடுதலையும் ஆனார். அதைப் படித்துவிட்டு எல்லாரும் 52ஏ, 52ஏ என்று ஓடினார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கடிவாளம் போட்டது. 52ஏ தவறிவிட்டது என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது, மற்றச் சாட்சியங்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றது. இன்றைய நிலை அதுதான். சீல் உடையாமல் ஆய்வுக்கூடம் போனதா, நடுவில் மூட்டை எங்கே எத்தனை நாள் இருந்தது, பதிவேட்டில் யார் கையெழுத்து என்று சங்கிலியை இழுத்துப் பார்ப்பதுதான் இன்னும் வலுவான வாதம்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் அப்பீலா?

இதற்குப் பதில் சொல்லும் வழக்கு சென்னையிலேயே பிறந்தது.

2004-இல் சென்னையில் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஒரு காரை மடக்கி ஐந்து கிலோவுக்கு மேல் ஹெராயினைப் பிடித்தது. காரில் இருந்தவர்களில் ஒருவர் தூஃபான் சிங். சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருக்கு எதிராக முக்கியமாக இருந்தது 67-வது பிரிவின் கீழ் அதிகாரிகள் எழுதி வாங்கிய வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம், ஆனால் ‘இவர்கள் போலீஸ் அல்ல, வேறு துறை’ என்ற வாதத்தில் அது அத்தனை காலமும் செல்லுபடியாகிவந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். தண்டனையில் பெரும்பகுதியை அவர் அதற்குள் அனுபவித்துவிட்டதால் மீதியை நிறுத்திவைத்தார்கள். 2020 அக்டோபர் 29-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பு சொன்னார்கள்: இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றவர்களும் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது. ஒரு நீதிபதி மாறுபட்டார்.

பிடிபட்டுப் பதினாறு வருடம் கழித்து வந்த விடை. பத்து வருடத் தண்டனை எப்போதோ முடிந்திருக்க வேண்டிய காலம். அப்பீலின் பலம், பலவீனம் இரண்டையும் இந்த ஒரு வழக்கு காட்டுகிறது.

ஆகவே மகன் மீதுள்ள ஒரே ஆதாரம் அவன் வாக்குமூலமோ, கூடப் பிடிபட்டவன் வாக்குமூலமோ என்றால் அப்பீலுக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. கையில் மூட்டையோடு பிடித்திருந்தால் வாக்குமூலத்தைத் தூக்கிப் போட்டாலும் மூட்டை இருக்கும்.

வழக்குப் போட்ட இன்ஸ்பெக்டரே விசாரணையும் செய்தார். அதனால் விடுதலை என்கிறார்களே?

2018 ஆகஸ்டிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை அப்படி ஒரு காலம் இருந்தது. முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை முடித்துவைத்தார்கள். இப்போது அது மட்டும் போதாது.

சாட்சிகள் இரண்டு பேரும் ‘வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். பை என் தம்பியுடையதே இல்லை. எப்படித் தண்டனை கொடுத்தார்கள்?

ஊர்ச் சாட்சி பிறழ்ந்தாலும் போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது போதும் என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. மேலும் இந்தச் சட்டம் ஒன்றைத் தலைகீழாக வைத்திருக்கிறது. பொருள் உன்னிடம் இருந்தது என்று நிரூபணமானால், அது உனக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று காட்டுவது உன் பொறுப்பு. 35, 54 பிரிவுகள் இவை.

ஆனால் ‘உன்னிடம் இருந்தது’ என்ற முதல் படியை அரசுதான் ஏற வேண்டும், சந்தேகத்துக்கு இடமின்றி ஏற வேண்டும். அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஹெராயினோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஆப்கானியர் நூர் ஆகாவை 2008-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது இந்தக் காரணத்தால்தான். சட்டம் கடுமையாக இருக்கும்போது ஆதாரமும் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்த பை தம்பியுடையது என்று எப்படி முடிவு செய்தார்கள்? டிக்கெட்டா, பைக்குள் இருந்த துணியா, கண்டக்டர் சாட்சியா? தீர்ப்பில் இதற்கான பத்தியைத் தேடிப் பாருங்கள். பத்தி மெலிவாக இருந்தால் வக்கீலுக்கு அதுதான் பிடிமானம்.

அப்பீல் முடியும்வரை வெளியே எடுக்க முடியுமா?

இதில் பொய் நம்பிக்கை கொடுக்க மனமில்லை.

மற்ற வழக்குகளில் அப்பீல் நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுப்பது வழக்கம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 32ஏ, இந்தச் சட்டத்தில் விதித்த தண்டனையை நிறுத்தவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று ஒரே போடாகப் போட்டது. நீதிமன்றத்தின் கையையும் கட்டுகிற அந்தப் பகுதி செல்லாது என்று 2000-இல் தாது என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கதவு திறந்தது, ஆனால் 37-வது பிரிவு என்ற வாசற்படி அப்படியே இருக்கிறது. கமர்ஷியல் அளவு வழக்கில், இவர் குற்றம் செய்திருக்கமாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி செய்யமாட்டார் என்று இரண்டும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். குற்றவாளி என்று ஒரு கோர்ட் தீர்ப்பு எழுதிய பிறகு அப்படித் தோன்றவைப்பது சுலபமில்லை. நீண்ட காலம் உள்ளே இருந்தவர், அப்பீல் இப்போதைக்கு எடுக்கப்படாது என்ற நிலை இருந்தால் உச்ச நீதிமன்றம் இரங்கியிருக்கிறது. அதனால் முதல் மனு தள்ளுபடியானால், ஓரிரு வருடம் கழித்து மறுபடி போடுவதில் தவறில்லை.

கமர்ஷியலுக்குக் குறைந்த அளவு என்றால் 37-இன் இந்தக் கெடுபிடி கிடையாது. அங்கே வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

பரோல் தனி. வீட்டில் சாவு, கல்யாணம் என்று சிறை விதிப்படி விடுப்பு கேட்பதை 32ஏ தடுக்காது என்றும் அதே தாது வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று சிறையில் பயமுறுத்துகிறார்களாம்.

கூடாது. தண்டனை பெற்றவர் போட்ட அப்பீலில் தண்டனையை உயர்த்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக அப்பீல் போட வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதை மீறி உயர் நீதிமன்றம் கூட்டியதை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விடுதலை கிடைக்காவிட்டால் பத்தை ஐந்தாகவாவது குறைப்பார்களா?

கமர்ஷியல் என்பது நிலைத்துவிட்டால் பத்துக்குக் கீழே இறங்க உயர் நீதிமன்றத்துக்கு இடமில்லை. பன்னிரண்டோ பதினைந்தோ கொடுத்திருந்தால் பத்துக்குக் கொண்டுவரப் பேசலாம். குறைந்தபட்சத்துக்கு மேல் போனதற்குக் கீழ்க்கோர்ட் காரணம் சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அளவு மிக அதிகம் என்பதும் ஒரு காரணமாகலாம்.

எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று அபராதம். ஒரு லட்சம் கட்டத் தவறினால் மேலும் இவ்வளவு காலம் சிறை என்று தீர்ப்பின் கடைசி வரியில் இருக்கும். கூலி வேலை செய்கிற வீட்டில் அந்த லட்சம் எங்கிருந்து வரும்? மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், சாந்திலால் என்பவருக்கு இப்படி விதித்த மூன்று வருடத்தை 2007-இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாக்கியது. ஏழை என்பதற்காக மூன்று வருடம் கூடுதலாகக் கிடப்பது நியாயமில்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மற்ற வாதமெல்லாம் தோற்றாலும் இதைக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல்கள் பெரிய பாயிண்டுகளின் வேகத்தில் இதை மறந்துவிடுவார்கள்.

விசாரணைக் கைதியாக இருந்த நாள்கள் தண்டனையில் கழியும். நன்னடத்தைக்காக மற்றக் கைதிகளுக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு இங்கே கிடையாது. பத்து என்றால் காலண்டரில் பத்து.

வக்கீல் வைக்கப் பணமில்லை. ‘ஹைகோர்ட்டில் எனக்கு ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஒருவர்.

அந்த ஒருவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தீர்ப்பு நகலைப் படிக்காமலே முடித்துத் தருகிறேன் என்பவர் முடிப்பது உங்கள் பணத்தைத்தான்.

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உள்ளவர். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில் இது இருக்கிறது. மகன் சிறை அதிகாரியிடமே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டியது அவர் கடமை. சிறைக்கு வருகிற சட்ட உதவி வக்கீலிடம் சொல்லலாம். புதுச்சேரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணையத்தில் நீங்களே போய் மனுக் கொடுக்கலாம். அவர்கள் சென்னையில் உள்ள உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்புவார்கள். 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு விசித்திரமான ஆள் இருக்கிறார். ஹோஸ்காட் என்ற பேராசிரியர், போலிப் பட்டம் அச்சடிக்க முயன்று மூன்று வருடத் தண்டனை பெற்றவர். உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகல் தன் கைக்கே வரவில்லை என்று தண்டனைக் காலம் முடிந்த பிறகு உச்ச நீதிமன்றம் வந்தார். 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். செய்துவிட்டு, சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும், அப்பீலுக்கு வக்கீலும் கொடுக்க வேண்டும், அது அரசின் கருணை இல்லை, கடமை என்று எழுதினார். கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பின்னால் வந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது.

இலவச வக்கீல் என்றால் மட்டமாகத்தான் இருப்பார் என்பது முழு உண்மையில்லை. போய்ப் பார்த்துப் பேசி, கட்டை எடுத்துக் கொடுத்து, வாய்தா தேதி கேட்டுக்கொண்டே இருந்தால் அவரும் வேலை செய்வார். வழக்கு எண் கிடைத்ததும் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். அடுத்த தேதி எது, யார் முன்னால் என்று போனிலேயே தெரியும். வக்கீல் வராவிட்டாலும் அதற்காக மட்டும் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உயர் நீதிமன்றத்திலும் தோற்றால்?

உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, 90 நாளுக்குள். அங்கேயும் இலவசச் சட்ட உதவிக் குழு உண்டு. எல்லா மனுவையும் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கருணை மனு போடலாமா? ராமேஸ்வரம் மீனவர்களுக்குக் கிடைத்ததே?

அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேரை ஹெராயின் கடத்தியதாக 2011-இல் இலங்கைக் கடற்படை பிடித்தது. 2014 அக்டோபர் 30-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் ஐந்து பேருக்கும் தூக்கு விதித்தது. இங்கே கொந்தளிப்பு, இந்தியத் தூதரகம் மூலம் அப்பீல். ஆனால் அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போது மன்னிப்புக் கொடுக்க முடியாது என்பதால் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதிபர் ராஜபக்ச மன்னித்தார், நவம்பர் 20-ஐ ஒட்டி நாடு திரும்பினார்கள். மூன்றே வாரம். இரண்டு நாட்டுத் தலைவர்கள் பேசி முடிந்த விஷயம் அது. தனி ஒரு குடும்பம் அந்த வழியை எதிர்பார்க்க முடியாது.

நம் நாட்டில் குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பின் 72-வது பிரிவில் உள்ள அதிகாரத்தை 32ஏ தொட முடியாது. மனுப் போடத் தடையில்லை. ஆனால் அது அப்பீலுக்கு மாற்று ஆகாது. நியாயத்தை எங்கே தேட வேண்டுமோ அங்கே தேடுங்கள்.

சிங்கப்பூர் கதை இதற்கு எதிர்ப்பக்கம். மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். அங்கே 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் என்று வக்கீல்கள் வாதாடியும், அப்பீல் மேல் அப்பீல் போட்டும், கருணை மனுவும் தோற்று 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டார்கள். அதே 42 கிராம் இங்கே கமர்ஷியல்கூட இல்லை. வெளிநாடு போகிற பிள்ளையிடம் யாராவது ‘இந்தப் பார்சலை மட்டும்’ என்று கொடுத்தால் வாங்காதே என்று சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த வாரம் மகனை மனுப் போட்டுப் பார்க்கப் போகிறேன். என்ன கேட்டுக்கொண்டு வரட்டும்?

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். சிறையில் ஏற்கெனவே அப்பீல் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டானா என்று கேளுங்கள். போட்டிருந்தால் வெளியே இன்னொன்று போட்டுக் குழப்ப வேண்டாம், வக்கீலிடம் சொன்னால் இரண்டையும் சேர்த்துக்கொள்வார். பிடித்த அன்று நடந்ததை, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், மூட்டையை எங்கே எடை போட்டார்கள், எந்தத் தாளில் எத்தனை கையெழுத்து வாங்கினார்கள், அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்ததா என்பதை அவன் சொல்லச் சொல்ல வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். கட்டில் இருப்பதோடு வக்கீல் ஒத்துப் பார்ப்பார். பிடிபட்ட அன்று அவனுக்குப் பதினெட்டு நிறைந்திருந்ததா என்பதைப் பிறப்புச் சான்றிதழில் சரிபாருங்கள். நிறையவில்லை என்றால் அதை எந்தக் கட்டத்திலும், அப்பீலிலும்கூட, எழுப்பலாம், வழக்கே வேறு பாதைக்குப் போய்விடும்.

வக்காலத்தில் அவன் கையெழுத்து சிறை அதிகாரி சான்றொப்பத்தோடு வர வேண்டும். அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்து கூடவே நாலு வெற்றுத்தாளிலும் கையெழுத்துக் கேட்டால், போட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.